தாத்தாவை எழுதுதல்: அமெரிக்க மரணக் குறிப்பும் யாழ்ப்பாணக் கல்வெட்டும்

வீட்டில் ஒரு தாத்தா கண்ணை மூடினால், அவரைப் பற்றி எழுத அமெரிக்கச் சிறுநகரத்துக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு முப்பத்தொரு நாள். நாலு வார்த்தை எழுதி அச்சில் ஏற்றாவிட்டால் கடமை தீராது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அச்சாகி வந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மட்டும், அங்கே இறந்தது ஒரு மீன்பிடிப் பிரியர், இங்கே இறந்தது இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் என்று தோன்றும். உண்மையில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி மனிதர்கள். பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கித் திரிந்தவர்கள். ஊர்க்காரியம் என்றால் முன்னால் நின்றவர்கள். பொழுது சாய்ந்தால் தங்களுக்கென்று ஒரு கிறுக்கு வைத்திருந்தவர்கள். எழுத்து எதை எடுத்துக்கொண்டது, எதைக் கைவிட்டது என்பதில்தான் பிரிகிறார்கள்.

அமெரிக்க வழக்கை முதலில் சொல்கிறேன். நாடறிந்த ஆள் இறந்தால் அங்கே நாளிதழ் தன் நிருபரை வைத்து எழுதும். மற்றவர்களுக்குக் குடும்பம் காசு கட்ட வேண்டும். வரிக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு. பெரும்பாலும் இறுதிச் சடங்கை நடத்தித் தரும் மலர்ச்சாலைக்காரர் ஒரு படிவத்தை நீட்டுவார். பிறந்த இடம், பெற்றோர், படிப்பு, படைச்சேவை, வேலை, தேவாலயம், சங்கங்கள், விருப்பங்கள், உயிரோடிருக்கும் உறவினர், முன்னரே இறந்த உறவினர். மகள் அழுதுகொண்டே நிரப்பிக் கொடுப்பாள். அதை அவர் ஒழுங்குபடுத்தி நாளிதழுக்கு அனுப்புவார். இறுதிச் சடங்குக்கு முன்னால் வெளிவர வேண்டும் என்பதால் யோசிக்க நேரமில்லை; வரிக்கு வரி காசு என்பதால் நீட்டவும் முடியாது. அதனால் இருநூறு முந்நூறு சொல்லுக்குள் ஒரு எண்பது வயது வாழ்க்கை முடிந்துவிடும். கடைசியில் ஒரு வரி இருக்கும்: மலர்வளையம் வேண்டாம், அந்தப் பணத்தை இன்ன புற்றுநோய் மையத்துக்கோ தீயணைப்புத் தொண்டர் படைக்கோ கொடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. செய்தி சொல்வது மரண அறிவித்தலின் வேலை. முன்பு இலங்கை வானொலியில் வந்தது; வீரகேசரி, உதயன் போன்ற நாளிதழ்களிலும், இப்போது இணையத்திலும் அது வருகிறது. நினைவைக் காப்பது கல்வெட்டின் வேலை. தமிழகத்து வாசகர் கோயில் சுவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது இருபது முப்பது பக்கச் சிறு புத்தகம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியச் சடங்குகள் முடிந்து சாப்பிட்டு எழும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி கொடுப்பார்கள். நினைவு மலர் என்றும் சொல்வதுண்டு.

ஒரு கல்வெட்டை விரித்துப் பார்ப்போம். அட்டையில் அமரரின் படம்; பெரும்பாலும் அடையாள அட்டைக்கோ யாரோ ஒருவரின் கல்யாணத்துக்கோ எடுத்ததைப் பெரிதாக்கியது, சால்வையைப் பிற்பாடு கணினியில் போர்த்தியது. மேலே சிவமயம். உள்ளே விநாயகர் துதி. பிறகு திதி வெண்பா: இன்ன வருடம், இன்ன மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ, இன்ன திதியில் இன்னார் சிவபதம் அடைந்தார் என்று நாலு வரிக்குள் அடக்கியிருப்பார் உள்ளூர்ப் பண்டிதர். அடுத்த ஆண்டு திவசம் செய்ய நாள் பார்க்க வேண்டுமே, அதற்கான ஏற்பாடு அது. தேவாரத்தில் தொடங்கிப் பெரியபுராணம் வரை பஞ்சபுராணம். வாழ்க்கை வரலாறு, சில வீடுகளில் உரைநடையில், சில வீடுகளில் விருத்தத்தில். அதன்பின் புலம்பல்கள்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். கோயில் சபை, பாடசாலை, சனசமூக நிலையம் அனுப்பிய அனுதாபச் செய்திகள். வம்சாவளி. நன்றி நவிலல். பின்னட்டையில் அச்சகத்தின் பெயர்.

இரண்டு வடிவத்துக்கும் நடுவில் கண்ணில் படும் முதல் வேறுபாடு உறவுமுறை. அமெரிக்கக் குறிப்பில் மனைவி பெயர் வரும், பிள்ளைகள் பெயர் வரும், அவர்கள் ஒவ்வொருவரும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று வரும். பேரப்பிள்ளைகள் பல இடங்களில் வெறும் எண்ணாகிவிடுவார்கள்: ஏழு பேர், பூட்டப்பிள்ளைகள் மூவர். யாழ்ப்பாண அறிவித்தல் ஆளைச் சுற்றிலும் கட்டுகிறது. காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் கனிஷ்ட புத்திரன், காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் மருமகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தை, மாமனார், சகோதரர், மைத்துனர், சகலன், சம்பந்தி, தாத்தா என்ற பொருளில் பேரன், பூட்டன். வானொலியில் இதைக் கேட்டுக்கொண்டே சமைத்த பெண்கள், பாதியில் கையை நிறுத்தி, “அது எங்கட பெரியம்மாவின்ர சம்பந்தியல்லோ” என்று கண்டுபிடிப்பார்கள். அறிவித்தலின் நோக்கமும் அதுதான். செத்தவர் யார் என்பதைவிட, செத்தவர் உனக்கு யார், நீ செத்தவீட்டுக்குப் போக வேண்டுமா, துடக்கு, அதாவது தீட்டு, உண்டா என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது.

ஊர்ப்பெயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்குவது நெடுநாள் வழக்கம். ஒரு காலத்தில் இரண்டுமே பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பெண் எடுத்த ஊரில் குடியிருந்திருப்பார், அவ்வளவுதான். மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடு திரும்பியவர்களுக்குக் கோலாலம்பூரும் சேர்ந்துகொண்டது. 1983 கலவரத்துக்குப் பிறகு, அதிலும் 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஒட்டுமொத்தமாக எழும்ப நேர்ந்த பிறகு, அந்த வரி நீண்டுகொண்டே போயிற்று. பிறந்தது மயிலிட்டி, இருந்தது மானிப்பாய், பிறகு வவுனியா, கொழும்பு, சென்னை, கடைசியில் கனடாவின் ஸ்காபரோ. போர் என்ற சொல்லை எழுதாமலே ஒரு தாத்தா எத்தனை தரம் மூட்டை கட்டினார் என்பதை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது. அமெரிக்கக் குறிப்பில் ஊர் மாறினால் அது பெரும்பாலும் வேலை மாற்றம், அல்லது ஓய்வுக்குப் பிறகு வெயில் தேடி ஃபுளோரிடா போனது.

அடுத்தது பொழுதுபோக்கு. இங்கேதான் அமெரிக்கக் குறிப்பு நம்மை வெட்கப்பட வைக்கிறது என்பது என் கட்சி.

அந்தக் குறிப்புகளில் ஒரு பத்தி தவறாமல் வரும். அவருக்குத் தூண்டில் போடப் பிடிக்கும். கார்க் கொட்டகையில் மரவேலை செய்வார், ஊரில் பாதிப் பேர் வீட்டில் அவர் செய்த பறவைக்கூடு இருக்கிறது. உள்ளூர் பேஸ்பால் அணி தோற்றுக்கொண்டே இருந்தாலும் விடமாட்டார். ஞாயிறு காலை பேரப்பிள்ளைகளுக்கு அப்பம் சுட்டுக் கொடுப்பார், முதலாவதை எப்போதும் கருக்கிவிடுவார். இதுவும் தேய்ந்துபோன வாய்பாடுதான். எல்லாத் தாத்தாவும் ஆர்வமிக்க மீனவர் என்றால் ஏரியில் மீனே மிஞ்சியிருக்காது. ஆனாலும் அந்தப் பத்தியில் எங்கேயோ ஒரு மூலையில் ஆள் அகப்பட்டுவிடுகிறார். கருகிய அப்பம் ஒருவருக்குத்தான் சொந்தம்.

நாடறிந்த உதாரணம் ஒன்று. 2018 நவம்பர் 30இல் தொண்ணூற்று நான்கு வயதில் இறந்த ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ், அமெரிக்காவின் 41ஆவது குடியரசுத் தலைவர். டிசம்பர் 5இல் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அரசு மரியாதையோடு நடந்த சடங்கில் மகன் பேசினார், வரலாற்றாசிரியர் பேசினார், கனடாவின் முன்னாள் பிரதமர் பேசினார். மறுநாள் ஹூஸ்டனில் அவருடைய சொந்தத் தேவாலயத்தில் பேரன் ஜார்ஜ் பி. புஷ் பேசினார். கேம்பி என்று பேரப்பிள்ளைகள் கூப்பிட்ட கிழவரைப் பற்றிய பேச்சு அது. மெய்ன் மாநிலத்துக் கடலோர வீட்டில் கோடை விடுமுறை, விடிகாலையில் தாத்தா பாட்டி கட்டிலில் இடம்பிடிக்கப் பேரப்பிள்ளைகள் அடிபடுவது, மீன்பிடி, குதிரைலாடம் எறியும் போட்டி. வெள்ளை மாளிகைக்குப் போன 1989ஆம் ஆண்டிலேயே அந்த லாட விளையாட்டுக்கு அங்கே ஒரு களம் அமைத்தவர் அவர். எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு ஆகிய பிறந்தநாள்களில் விமானத்திலிருந்து குதித்தவர். பெருமைக்குரிய பதவி எல்லாம் வகித்த ஒருவரைப் பற்றிப் பேச எழுந்த பேரன் நினைவுகூர்ந்தவை அந்தக் கடலோர வீட்டு நாள்கள். பொதுத்தொண்டும் அவர் பெயரோடு ஒட்டியிருந்தது: ஆயிரம் ஒளிப்புள்ளிகள் என்று அவர் தொண்டர்களைக் குறித்துச் சொன்ன தொடரிலிருந்து 1990இல் ஒரு அறக்கட்டளையே பிறந்தது.

அதே புஷ் நடத்திய 1991 வளைகுடாப் போரில் தாத்தாவை இழந்த பாக்தாத் பேரன் ஒருவன் வேறு மாதிரிப் பேசியிருப்பான். பேரன் எழுதும் இரங்கலில் நீதிமன்றத்துக்கு இடமில்லை. அது அந்த வடிவத்தின் குணம்; கல்வெட்டுக்கும் அதே குணம்தான்.

புஷ்ஷின் பேழைக்கு முன்னால் அவருடைய உதவி நாய் சல்லி படுத்துக் கிடந்த படம் உலகெல்லாம் சுற்றியது. சாதாரண அமெரிக்கக் குறிப்புகளிலும் உயிரோடிருக்கும் உறவினர் வரிசையின் கடைசியில் நாய் வருவதுண்டு. மனைவி, மூன்று பிள்ளைகள், ஏழு பேரப்பிள்ளைகள், ஒரு நாய். இதைப் படித்துவிட்டு நம்மவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க நியாயமில்லை. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் விழுந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும், கள்ளனைக் கடித்து எசமானைக் காத்து நின்ற கதையும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னால் நம் ஆட்களுக்கு ஒரு மனிதனை அவன் நாயோடு சேர்த்து நினைக்கத் தெரிந்திருந்தது. எந்தக் காலத்தில் அதை விட்டோம் என்று தெரியவில்லை. இன்றைய கல்வெட்டில் நாய் கிடையாது. தாத்தாவின் சாயங்காலமும் கிடையாது.

என் அம்மப்பாவின் கல்வெட்டை வைத்துச் சொல்கிறேன். தபாற்கந்தோரில் உத்தியோகம், கோயில் திருப்பணிச் சபைப் பொருளாளர், பழைய மாணவர் சங்கத் துணைத் தலைவர், பலநோக்குக் கூட்டுறவுச் சங்க இயக்குநர் சபை உறுப்பினர். எல்லாம் இருக்கிறது, ஆண்டு வாரியாக இருக்கிறது. அவர் பட்டம் கட்டுவார் என்பது இல்லை.

மார்கழி பிறந்து வாடைக்காற்று நிலைத்தால் அம்மப்பாவுக்கு வேறு நினைவு கிடையாது. மூங்கிலைப் பிளந்து, கத்தியைப் பிடித்த கை அசையாமல் மூங்கிலை மட்டும் இழுத்துச் சீவுவார். சீவிய குச்சியை நடுவில் ஒற்றை விரலில் நிறுத்திப் பார்ப்பார். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் ஒரு சுரண்டல். எங்களுக்குக் கொடுப்பது எட்டுமூலை. தனக்குக் கட்டுவது கொக்கு. பட்டத்தைவிட விண்ணுக்குத்தான் பாடுபடுவார். வில்லாக வளைத்த குச்சியில் பொதி கட்டும் பிளாஸ்டிக் நாடாவை மெலிதாக்கி இழுத்துக் கட்டுவது. முந்தி இதற்கு நார்தான், இந்த நாடா சரியான சோம்பேறிச் சாமான் என்று ஏசிக்கொண்டே கட்டுவார். கட்டிய விண்ணைக் கையில் பிடித்துத் தலைக்கு மேலே விசுக்கிப் பார்ப்பார். சத்தம் பிடிக்காவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடி. பட்டத்தில் நூலைப் பூட்டும் முச்சை கட்டுவதை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். ஏற்றிய பட்டத்தைப் பின்வளவுப் பனையில் கட்டிவிட்டால் இரவெல்லாம் அது கூவிக்கொண்டு நிற்கும். சத்தம் மாறினால் படுத்த இடத்திலிருந்தே “காத்து விழுகுது” என்பார். இதைப் பெரிய திருவிழாவாகப் பார்க்க விரும்புவோர் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போகலாம். அவர் போனதில்லை. அது போட்டியாம், தனக்குப் பட்டம்தான் வேண்டுமாம்.

மழை பெய்தால் முந்நூற்று நாலு. யாழ்ப்பாணத்தார் சீட்டு விளையாட்டு அது. ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராசாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. நாலு நிறத்துக்கும் கூட்டினால் முந்நூற்று நாலு. ராசாவையும் ராணியையும் ஒன்பது வெட்டும் என்ற அந்தக் கணக்கைச் சொல்லித்தான் எங்களுக்குக் கூட்டலே பழக்கினார். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தால் சாமி அறையில் இருப்பவர் மாதிரி இருக்கும். தோற்றால் மட்டும் அன்றிரவு கோபத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார், அம்மம்மா கேட்டால் வயிறு சரியில்லை என்பார்.

கல்வெட்டில் பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று எட்டு வரி இருக்கிறது. மடியில் இருத்தி அமுது ஊட்டினாராம், கதை பல சொன்னாராம், இனி எப்பிறப்பில் காண்போம் என்று நாங்கள் ஏங்குகிறோமாம். பேரப்பிள்ளைகள் யாரும் அதை எழுதவில்லை. பண்டிதர் எழுதியதுகூட இல்லை என்றுதான் நினைக்கிறேன். பல அச்சகங்களில் இது பெயரை மட்டும் மாற்றிப்போடத் தயாராக இருக்கும் சரக்கு. அதே எட்டு வரியை வேறு இரண்டு வீட்டுக் கல்வெட்டிலும் படித்திருக்கிறேன். முப்பத்தொரு நாள் அவகாசமும் முப்பது பக்க இடமும் கிடைத்த வடிவம், இரண்டு நாளில் முந்நூறு சொல்லில் அமெரிக்க மகள் சாதித்ததைச் சாதிக்கவில்லை.

  

சமூகத்தொண்டுக்கு வருவோம். இதில் இரண்டு வடிவமும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். அமெரிக்கத் தாத்தா ரோட்டரியிலோ லயன்ஸிலோ உறுப்பினர். முன்னது 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கியது, பின்னது 1917இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் அதே நகரத்தில் உருவானது. அல்லது ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படையில் முப்பது வருடம். 1736இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியாவில் கூட்டிய தீயணைப்புச் சங்கத்திலிருந்து வரும் வழக்கம் அது. இன்றும் அந்த நாட்டுத் தீயணைப்பாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளமில்லாத் தொண்டர்கள்தான். சங்கங்களில் சேரும் பழக்கமே அமெரிக்காவில் தேய்ந்து வருகிறது என்று ராபர்ட் பட்னம் 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அவர் சொன்ன அந்தச் சங்கத் தலைமுறைதான் இப்போது மரணக் குறிப்புகளில் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணத் தாத்தாவுக்கு சனசமூக நிலையம், வாசிகசாலை, கூட்டுறவுச் சங்கம், கோயில், பாடசாலை. இந்த வாசிகசாலைத் தொண்டைக் குறைத்து எடைபோடக் கூடாது. நீதிமன்றத்தில் வேலை பார்த்த க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டிலேயே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். நண்பர்கள் சேர்ந்து 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு அதை மாற்றினார்கள். அந்த அறைதான் வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகம் ஆனது. ஒவ்வொரு ஊரிலும் அதன் சிறு பதிப்பாக ஒரு மனிதர் இருந்திருக்கிறார். காலையில் திறப்பைக் கொண்டுபோய்க் கதவைத் திறந்து, பேப்பரை மேசையில் விரித்து வைத்து, பறக்காமல் கல் வைத்தவர். கல்வெட்டில் அவர் சனசமூக நிலையத் தலைவர், 1962 முதல் 1971 வரை. திறப்பும் கல்லும் வராது.

தொண்டு என்று இரண்டு வடிவமும் பட்டியலிடும்போது யாருக்குத் தொண்டு என்று கேட்டாக வேண்டும். ரோட்டரி பெண்களை உள்ளே விட 1987 வரை ஆயிற்று. அதுவும் கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே கிளை வழக்காடி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு. அதற்கு முந்திய தலைமுறைத் தாத்தா ஊருக்கு உழைத்தார் என்றால், தன் மனைவியை உறுப்பினராக ஏற்காத சங்கத்தின் வழியாக உழைத்தார். நம் பக்கம் இன்னும் மோசம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட சாதியினர் 1968இல் வாசலில் போராட வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் ஏதோ ஒரு கோயிலின் தர்மகர்த்தா சபையில் இருந்த தாத்தா என்ன நிலைப்பாடு எடுத்தார்? கதவைத் திறக்கச் சொன்னாரா, சாத்தச் சொன்னாரா? எத்தனையோ கல்வெட்டுகளில் தர்மகர்த்தா என்ற பதவி இருக்கிறது, அந்தப் பதில் இல்லை. சாதி என்ற சொல்லே எங்கும் அச்சாகாது. ஆனால் ஊர், கோயில், யார் வீட்டில் பெண் எடுத்தார் என்ற வம்சாவளி ஆகிய மூன்றையும் படித்துவிட்டு ஊரவர் யாரும் தவறாகக் கணிக்கமாட்டார்கள். வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்த மகளின் பெயர் வம்சாவளியில் காணாமல் போவதும் உண்டு. அமெரிக்கக் குறிப்பு இந்த விஷயத்தில் சற்று நேர்மையானது: முதல் மனைவி, இரண்டாவது மனைவி, அவள் கொண்டுவந்த பிள்ளைகள் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அது மறைப்பது வேறு. குடி, கடன், பேசாமல் போன தம்பி.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் எதிர்காலத்துக்கு எது மிஞ்சும் என்று கேட்டால் நான் கல்வெட்டின் பக்கம்தான் நிற்பேன். அமெரிக்கக் குறிப்பு ஒரு மனிதனைக் காட்டிவிட்டு முடிந்துவிடுகிறது; அவனுக்கு மேலே ஒரு தலைமுறை, கீழே பெயரோடு ஒன்றிரண்டு. கல்வெட்டின் வம்சாவளி நாலைந்து தலைமுறைக்கு ஓடும். எந்தக் காணி யார் வழியில் வந்தது, எந்தப் பள்ளிக்கூடம் யார் கொடுத்த நிலத்தில் எழும்பியது, எந்தத் தேர் யார் செலவில் செய்தது என்று போகிற போக்கில் பதிந்து வைத்திருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, திரும்பக் கிடைக்காத ஏடுகளும் போயின. ஊர் வரலாறு எழுத உட்காருபவர் இன்று அலுமாரித் தட்டுகளில் கிடக்கும் இந்த மெலிந்த புத்தகங்களைத் தேடித்தான் போகிறார். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களோடு நினைவு மலர்களையும் ஏராளமாகச் சேர்த்து வைத்திருப்பது சும்மா இல்லை. சிலர் தாத்தாவின் நினைவாகத் தோத்திரத் திரட்டையோ அச்சில் இல்லாத பழைய நூலையோ அச்சிட்டுக் கொடுப்பார்கள். அவரே செய்த தொண்டாக அது நிற்கும்.

இரண்டு வடிவமும் இப்போது ரொறன்ரோவில் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. ஸ்காபரோ மலர்ச்சாலை ஒன்றில் ஓதுவார் தேவாரம் பாடி முடித்ததும் பேத்தி எழுந்து ஆங்கிலத்தில் பேசுகிறாள். அப்பப்பா பனிக்காலத்திலும் சாரத்தோடுதான் நிற்பார், ஹொக்கி விளையாட்டின் விதி எதுவும் தெரியாமலே நடுவரை ஏசுவார், பஸ்ஸில் போய்ப் பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் சேர்த்து மரக்கறி வாங்கி வருவார். சபை சிரிக்கிறது, அழுகிறது. முப்பத்தோராம் நாள் கல்வெட்டில் இருபத்தெட்டுப் பக்கம் தமிழ், பின்னால் இரண்டு பக்கம் ஆங்கிலம். அந்த இரண்டு பக்கத்தில்தான் கிழவர் உயிரோடு இருக்கிறார். முன்னால் இருக்கும் வம்சாவளியை அந்தப் பேத்தியால் படிக்க முடியாது; பின்னால் இருக்கும் ஹொக்கிக் கதையை அப்பம்மாவால் படிக்க முடியாது. யாராவது ஒருவர் குறுக்கே நின்று இரண்டு பக்கத்தையும் மாற்றி எழுதினால் ஆயிற்று. பெரிய வேலை ஒன்றும் இல்லை.

ஆகவே கல்வெட்டு அச்சிடப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பஞ்சபுராணத்தில் கை வைக்க வேண்டாம், வம்சாவளியில் ஒரு பெயரையும் விட வேண்டாம். அச்சகத்துக்காரர் நீட்டும் பேரப்பிள்ளைகள் புலம்பலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் மற்ற மொழியிலும் போடுங்கள். ஓய்ந்த நேரத்தில் அவர் என்ன செய்தார், எதற்குக் கோபப்பட்டார், யாருக்குக் கதவு திறந்தார் என்று கேட்டு வாங்குங்கள். அச்சானதும் ஒரு பிரதியை ஊர் வாசிகசாலைக்கும் இன்னொன்றை அந்த எண்ணிம நூலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.